ஆலாத்தித் தட்டும் சூரியன்ரை காத்தும்

சோடனை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் முதலில் ஒரு வேண்டுகோள். வாயை மூடுங்கள். பலூனின் வாயைச் சொல்லவில்லை, அதை எப்படி முடிச்சுப் போடுவது என்று யாராவது காட்டித் தருவார்கள். உங்கள் வாயைச் சொல்கிறேன்.

ஏனென்றால் இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது. சிலிண்டர் வந்து இறங்கியதும் முதல் பலூனை நிரப்பி, அதிலிருந்து ஓர் இழுவை இழுத்து, கீச்சுக் குரலில் "வணக்கம் யாழ்ப்பாணம்" என்று சொல்லுவார்கள். சுற்றி நிற்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு இழுத்தவர் தீர்ப்பு வழங்குவார்: "ஓம், இது ஹீலியம்தான்." இதற்குக் குரல் சோதனை என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். சோதனையாம்! உயர்தர வகுப்பில் இந்தச் சோதனையை எழுதினால் எனக்குப் படிப்பித்த ரீச்சர் விடைத்தாளைக் கிழித்து என் கையில் தந்திருப்பார்.

நான் யார் என்று கேட்பீர்கள். இரசாயனவியலில் பட்டம் வாங்கிவிட்டு, ஆசிரியர் நியமனம் வரும் வரும் என்று காத்திருந்த வருடங்களில் சுன்னாகத்தில் ஒரு சோடனைக் கடையில் வேலை செய்தவன். இப்போது நியமனம் வந்துவிட்டது, பலூனை விட்டுவிட்டேன். "இருபத்தொன்பது வயசிலை பென்சனியர்" என்று கடைப் பொடியன்கள் பகிடி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். பென்சனியருக்கு உரிய ஒரே சலுகையை நான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். நீங்கள் கேட்காமலே அறிவுரை சொல்லப் போகிறேன்.

ரிப்பன் எப்படிச் சுருட்டுவது, வளைவு எப்படிக் கட்டுவது என்பதையெல்லாம் விடுங்கள். அது ஒரு கிழமையில் வந்துவிடும். கையில் இருப்பது என்ன வாயு என்பதை அறிந்துகொள்ளுங்கள், அது போதும். எங்கள் பாடப்புத்தகம் ஹீலியத்தை ஈலியம் என்று எழுதி, விழுமிய வாயு என்கிறது. எவரோடும் சேராது, எதிலும் ஒட்டாது, எரியாது, எரிய உதவாது. நான் இதை விளக்கிய நாளில் என் முதலாளி சொன்னார்: "அப்ப எங்கடை ஊர்ப் பெரிய குடும்பங்கள் மாதிரி எண்டு சொல்லு. ஒருத்தரோடையும் சேராயினம், ஆனா எப்பவும் மேலைதான் நிப்பினம்." அவர் சொன்ன இரசாயனவியலில் பிழையில்லாமல் இருந்தது அந்த ஒரு வசனம் மட்டும்தான்.

அந்த வாயு கண்டுபிடிக்கப்பட்ட கதை எனக்கு மிகவும் பிடித்தது. இந்தியாவில் தெரிந்த ஒரு சூரிய கிரகணத்தின்போது சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. பூமியில் அறியப்பட்ட எந்த மூலகத்துக்கும் அந்தக் கோடு பொருந்தவில்லை. ஆகவே சூரியனிலேயே இருக்கும் ஒன்று என்று முடிவுகட்டி, கிரேக்க மொழியில் சூரியனுக்குரிய பெயரையே வைத்தார்கள். பூமியில் அது அகப்பட்டது பல வருடங்களுக்குப் பிறகுதான். எங்களவர்கள் அடுப்பை நூர்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, கிரகணம் எப்போது விடும் என்று இருந்த நேரத்தில் யாரோ வெளியே நின்று ஒரு புது மூலகத்தைப் பிடித்திருக்கிறார்கள்! இதை ஒருநாள் உற்சாகத்தில் முதலாளிக்குச் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் வந்த வாடிக்கையாளருக்கு அவர் சொல்கிறார்: "இது சாதாரணக் காத்தில்லை, அண்ணை. சூரியன்ரை காத்து."

வந்தவர் யோசித்தார். "எங்கடை விசேசம் சனிக்கிழமை. சூரியனுக்கும் சனிக்கும் பகையெல்லே. சரிவருமோ?"

முதலாளி கண் சிமிட்டாமல் சொன்னார்: "அதுக்குத்தான் நீலப் பலூன் போடுறம்."

இந்த ஆட்களோடுதான் நான் வேலை செய்தேன். இனி நீங்கள் செய்யப் போகிறீர்கள்.

அரியாலையில் ஒரு கலியாண வீடு. முதல் நாள் பின்னேரமே எல்லாவற்றையும் கட்டி முடித்துவிடுவோம், காலையில் நிம்மதியாக வரலாம் என்றார் முதலாளி. ஈலியத்தின் அணு மிகச் சின்னது, றப்பருக்குள்ளால் கசிந்து போய்விடும், விடியும்வரை தாக்குப் பிடிக்காது என்று சொல்லிப் பார்த்தேன். "முடிச்சை இறுக்கிப் போடு" என்றார். முடிச்சால் போகவில்லை அண்ணை, தோலால் போகிறது என்றேன். "அப்ப ரெண்டு முடிச்சாப் போடு."

காலையில் போனால் பலூன்கள் எல்லாம் நிலத்தில் கிடந்தன. கலியாணக் களைப்பு அவற்றுக்குத்தான் முதலில் வந்ததுபோல. பெண்ணின் தாய் வாசலில் நின்று கையைப் பிசைந்தார். "நாவூறு பட்டுட்டுது தம்பி. நேற்று முன்வீட்டுக்காரி வந்து வடிவா இருக்கு, வடிவா இருக்கு எண்டு சொல்லேக்கையே நினைச்சனான்." முதலாளி உடனே தலையாட்டினார். "ஓம் அக்கா, சரியான நாவூறு." உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து வந்து அந்த அம்மா வாடிய பலூன்களைச் சுற்றித் திருஷ்டி கழித்ததை நான் ஏணியின் மேலிருந்து பார்த்தேன். அணு, கசிவு என்று சொன்னால் யார் கேட்பது?

அன்றிலிருந்து விடியற்காலையில் நிரப்புவது என்று வழக்கமானது. விடியற்காலையில் நிரப்பினால் பிழை திருத்த நேரம் இருக்காது. இப்போது சொல்லப்போகும் கதை அதனால் வந்தது.

சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் சாமத்தியச் சடங்கு, அதாவது பூப்புனித நீராட்டு. பிள்ளையின் பெயர் மதுரா. தாய்மாமன் கனடாவிலிருந்து வந்திருந்தார். அவருடைய ஆசைப்படி மேடையிலிருந்த குத்துவிளக்குகள்கூட பற்றரியில் எரிந்தன. வாசலுக்கு ஒரு பலூன் வளைவு. மேடையில் பிள்ளை இருக்கும் கதிரைக்குப் பின்னாலும் மேலும் ஒரு பெரிய பலூன் குலை, கதிரையின் கைப்பிடிகளிலும் ரிப்பன் கட்டிய பலூன்கள். வளைவை நான் கட்டி முடித்தபோது சிலிண்டர் தீர்ந்துவிட்டது. கொழும்பிலிருந்து அடுத்தது வரவில்லை. ஈலியம் எங்குமே தட்டுப்பாடு.

"அந்தரப்படாதை. நான் எடுத்துக்கொண்டு வாறன்" என்று முதலாளி கடை வான் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

நான் மதுராவின் பெயர் எழுத்துகளை வாசலில் நிறுத்தப் போராடிக்கொண்டிருந்தேன். "ம" மட்டும் எப்போதும் சாயும். திரும்பி மேடைக்கு வந்தபோது குலை கட்டி முடிந்திருந்தது. முதலாளி வெற்றிக் களிப்பில் நின்றார்.

"எங்கை எடுத்தனீங்கள்?"

"தொண்டைமானாத்திலை. கோயில் திருவிழாவுக்கு வந்த பலூன்காரன் ஒருத்தன். நல்ல பொடியன்."

"அண்ணை, திருவிழாப் பலூன்காரர் ஹீலியம் வைச்சிருக்க மாட்டினம்."

"உனக்கு என்னைவிடக் கூடத் தெரியுமே? நான் ரெஸ்ற் பண்ணிப்போட்டுத்தான் கொண்டுவந்தனான்." ஒரு பலூனை அவிழ்த்து இழுத்து, கீச்சுக் குரலில் சொன்னார்: "பாத்தியே! ஹீலியம்!" வீடியோக்காரர்கள் சிரித்தார்கள்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இதைத் தயவுசெய்து எங்காவது எழுதி ஒட்டிவையுங்கள். காற்றைவிட இலேசான வாயுவுக்குள் ஒலி வேகமாகப் போகும், அதனால்தான் குரல் கீச்சிடுகிறது. ஈலியம் இலேசானது, குரல் கீச்சிடும். ஐதரசன், அதாவது ஹைட்ரஜன், அதைவிட இலேசானது, குரல் கீச்சிடும். இரண்டும் பலூனைத் தூக்கும், ஆனால் ஐதரசன் எரியும். குரல் உங்களுக்குச் சொல்வது "இது இலேசான வாயு" என்பதை மட்டும்தான். எரியுமா எரியாதா என்பதைக் குரல் சொல்லாது. போதாததற்கு, இழுத்த நேரத்தில் உங்கள் நெஞ்சுக்குள் மூச்சுக்கு வேண்டிய ஒட்சிசன் இல்லை. கூட இழுத்தால் கீச்சுக் குரலும் வராது, எந்தக் குரலும் வராது.

சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

"வெய்யிலிலை வந்தது" என்றார்.

அப்போதுதான் விடிந்து வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வான் வண்டிக்குள் எங்கே வெயில்? குலையில் கண்ணாடிபோல் தெளிந்த பலூன்களும் இருந்தன. ஒன்றைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். உட்புறத்தில் பொடிப்பொடியாக நீர்த்துளி பூத்திருந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும் ஈலியம் காய்ந்தது, அதில் பனி பிடிக்காது. இது எங்கோ ஒரு பழைய சிலிண்டருக்குள் எதையோ தண்ணீரில் கரைத்துச் சூடாகப் பொங்கவைத்து எடுத்த வாயு.

அந்த ஒரு பலூனை எடுத்துக்கொண்டு பின்வளவுக்கு ஓடினேன். சமையல்காரரிடம் காய் பறிக்கும் நீளக் கொக்கத்தடியை வாங்கி, அதன் நுனியில் மெழுகுதிரி ஒன்றைக் கட்டிக் கொளுத்தினேன். பலூனை நீள நூலில் கட்டி வெளியில் தனியாகப் பறக்கவிட்டு, தூர நின்று தடியை நீட்டினேன்.

டமார் என்றது. பலூன் இருந்த இடத்தில் ஒரு செம்மஞ்சள் நெருப்பு உருண்டு மறைந்தது.

"டேய், உனக்கு விசரே! பாயாசச் சட்டி உதிலை இருக்கு!" என்று சமையல்காரர் அகப்பையோடு வந்தார்.

மண்டபத்துக்குள் ஓடினேன். உள்ளே மேளம் உச்சத்தில் இருந்தது. வெளியே வெடித்தது யாருக்கும் கேட்டிருக்கவில்லை, கேட்டவர்களும் வெடி கொளுத்துகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். மதுரா தாயின் கூறைச் சீலையும் தலைநிறையப் பூவுமாக, தலை குனிந்தபடி கதிரையில் இருந்தாள். தலைக்கு மேல் ஐதரசன். முதுகுக்குப் பின்னால் ஐதரசன். இரு கைப்பிடியிலும் ஐதரசன். மேடையின் கீழே மாமிமார் வரிசையாக நின்றார்கள், கையில் ஆலாத்தித் தட்டுகள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தட்டில் வாழைப்பழத் துண்டுகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் எண்ணெய்த் திரியைக் குத்திக் கொளுத்தி, அதைப் பிள்ளையின் முகத்துக்கு முன்னால் சுற்றுவது ஆலாத்தி. கனடா மாமாவால் பற்றரிக்கு மாற்ற முடியாமல் போன ஒரே நெருப்பு அதுதான். முதல் தட்டோடு பெரிய மாமி மேடைப் படியில் கால் வைத்துவிட்டார்.

முதலாளியின் கையைப் பிடித்தேன். "அண்ணை, கொளுத்திப் பாத்திட்டன். ஐதரசன். வெடிக்குது."

அவருடைய முகம் வெளிறியது. வெளிறிய முகத்தோடு அவர் சொன்னது இது: "கத்தாதை. ஆலாத்தி முடியட்டும், பேந்து மெல்லமா அவிழ்ப்பம்."

முடியட்டுமாம்!

பலூன்களை அவிழ்க்க ஏணி வேண்டும், நேரம் வேண்டும். நெருப்பை நிறுத்துவதுதான் வழி. மேடைக்கு முன்னால் பாய்ந்து பெரிய மாமிக்குக் குறுக்கே நின்றேன். வாயில் வந்த சொல்லைச் சொன்னேன்.

"நூருங்கோ! எல்லாத்தையும் நூருங்கோ!"

எங்களூரில் விளக்கை அணைப்பதை நூர்ப்பது என்போம். வீட்டில் தினமும் சொல்லும் சொல்தான். ஆனால் மங்கல காரியத்தில், ஆலாத்தித் திரியைப் பார்த்து, பிள்ளைக்கு முன்னால் நின்று அதைச் சொல்லக்கூடாது. மேளம் நின்றது. பெரிய மாமி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், நான் பறித்துவிடுவேன் என்பதுபோல.

"ஆர் உவன்?" என்றார் தாய்மாமன். "நல்ல நாளிலை நூருங்கோ எண்டு சொல்லுறான்!"

"பலூன் கட்டுற பொடியன்" என்றது யாரோ ஒரு குரல்.

"பலூன் கட்ட வந்தா பலூனைக் கட்டோணும். விளக்கிலை என்ன வேலை?"

"ஐயா, பலூனுக்குள்ளை ஐதரசன் இருக்கு. நெருப்புப் பட்டா—"

"இவங்கடை ஆள்தான் ஹீலியம் எண்டு சொன்னவர். குரலும் மாறினது, நானே பாத்தனான். ஹீலியமோ ஐதரசனோ, காத்துத்தானே? தள்ளி நில்லும். நேரம் போகுது."

அவர் என் தோளைப் பிடித்து ஒதுக்கினார். பெரிய மாமி அடுத்த படியில் ஏறினார். திரிகள் எல்லாம் நன்றாகப் பிடித்து நிமிர்ந்து எரிந்தன. நான் நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்தவை அத்தனையும் அந்த இடத்தில் ஒரு சதத்துக்கு உதவவில்லை.

அப்போது குனிந்திருந்த தலை நிமிர்ந்தது.

"அண்ணை," என்றாள் மதுரா மெல்ல, "பொப் எண்டு வெடிக்கிறதே?"

அவளும் பள்ளிக்கூடத்தில் அந்தச் சோதனையைப் பார்த்திருக்கிறாள். சோதனைக் குழாயின் வாயில் எரியும் குச்சியைப் பிடித்தால் "பொப்" என்று ஒலி வரும், அது ஐதரசன். அந்த மண்டபத்தில் நான் பேசிய மொழி தெரிந்த ஒரே ஆள் கதிரையை விட்டு எழும்பக்கூடாத ஆளாக இருந்தாள்.

"ஓம். அதேதான்" என்றேன்.

அவள் தலைக்கு மேலே பார்த்தாள். கைப்பிடியைப் பார்த்தாள். ஏறிவரும் தட்டைப் பார்த்தாள். பிறகு சீலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு பெரிய சத்தமாகச் சொன்னாள்:

"அம்மா! எனக்குச் சத்தி வருது!"

நான் சொன்னபோது அசையாத மண்டபம் வாந்தி என்ற அந்த ஒரு சொல்லுக்கு இரண்டாகப் பிளந்தது. "ஐயோ, கூறைச் சீலை!" என்று தாய் ஓடிவந்தார். "வழி விடுங்கோ, வழி விடுங்கோ!" என்று என்னைத் தள்ளிய அதே கையால் தாய்மாமன் கூட்டத்தைத் தள்ளினார். மதுரா எழும்பினாள். இரண்டு கையாலும் சீலையைத் தூக்கிக்கொண்டு பக்கக் கதவால் வெளியே ஓடினாள். அவளுக்குப் பின்னால் தாய், தாய்க்குப் பின்னால் சித்திமார், அவர்களுக்குப் பின்னால் வீடியோக்காரர்கள், வீடியோவில் விடுபட்டுவிடக் கூடாதே என்று மிச்சச் சனம்.

நெருப்பை நகர்த்தலாமா, பலூனை நகர்த்தலாமா என்று நான் மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தேன். ஆளை நகர்த்தலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஆபத்து வந்தால் பொருளைப் பார்க்காதீர்கள், முதலில் ஆட்களை வெளியே எடுங்கள். அதற்குப் பொய் சொல்ல வேண்டி வந்தால் வடிவாகச் சொல்லுங்கள்.

படியில் பெரிய மாமி மட்டும் எரியும் தட்டோடு நின்றார். நான் கிட்டப் போகவில்லை. "மாமி, கீழை இறங்கி அங்காலை வாங்கோ. நான் தட்டைத் தொடமாட்டன்" என்றேன்.

அவர் இறங்கி, மேடையை விட்டு விலகி வந்தார். "உண்மையாத்தான் வெடிக்குமோ, தம்பி?"

"சத்தியமா வெடிக்கும், மாமி."

தலையிலிருந்து ஒரு மல்லிகைச் சரத்தை உருவினார். பூவால் ஒவ்வொரு திரியாகத் தொட்டு ஒற்றினார். மற்ற மாமிமாரையும் கூப்பிட்டு அப்படியே செய்வித்தார். புகை எழுந்து அடங்கியது.

"குளிரப் பண்ணுங்கோ எண்டு சொல்லியிருக்கலாமே," என்றார் சலிப்போடு. "சொன்னவுடனை செய்திருப்பன். நூருங்கோ எண்டு கத்தினா ஆர் நூர்ப்பினம்? இவ்வளவு படிச்சனீ, ஒரு சொல்லுத் தெரியாதே?"

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. ஆனால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் சரியான வாயுவின் பெயரைச் சொன்னேன், சரியான ஆபத்தைச் சொன்னேன். கேட்பவர் கீழ்ப்படியக்கூடிய சொல்லைச் சொல்லவில்லை. நெருக்கடியில் சரியாக இருப்பது பாதி வேலைதான்.

பிறகு நானும் கடைப் பொடியன்களும் குலையைக் கழற்றி முன்வெளிக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாக ஊசியால் குத்தினோம். பாதியில் தாய்மாமன் பதற்றம் தீரச் சிகரெட் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். லைற்றரை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அதற்கும் ஏச்சு வாங்கினேன்.

நல்ல நேரம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. வெறும் மேடையிலேயே ஆலாத்தியை எடுத்துவிடலாம் என்று முடிவானது. ஆனால் மதுராவை வாசல் வளைவுக்குக் கீழால்தான் திரும்ப அழைத்துவர வேண்டும், முன்னால் தட்டுகளும் போக வேண்டும். தாய் வளைவைப் பார்த்துப் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "உதுவும் வெடிக்குமோ?"

"வெடிக்காது. அது முதல் சிலிண்டர். நான் கட்டினது" என்றேன். பிறகு முதலாளியைப் பார்த்தேன். "அண்ணை, நீங்கள் உதிலை கைவைக்கேல்லைத்தானே?"

"இல்லையடா" என்றார். சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார். அந்தச் சொறிச்சலை நம்பி ஒரு பிள்ளையை அதன் கீழால் விட நான் தயாரில்லை. வளைவு முழுவதையும் பலூன் பலூனாக வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தேன். ஒன்றிலும் பனி இல்லை. ஆனாலும் ஒன்றைக் கழற்றிக்கொண்டு முற்றத்துக்குப் போய், கொக்கத்தடியில் மெழுகுதிரியைத் திரும்பக் கொளுத்தினேன். இந்த முறை மண்டபம் முழுவதும் தூர நின்று பார்த்தது. சமையல்காரர் பாயாசச் சட்டியை மூடிக்கொண்டு நின்றார்.

தடியை நீட்டினேன். பலூன் பட்டென்று உடைந்தது. நெருப்பில்லை. உள்ளிருந்த வாயு சுடரை ஒரு கணம் மூடியது, சுடர் ஒருமுறை படபடத்து இல்லாமல் போனது. மெழுகுதிரியின் நுனியில் ஒரு நூல் புகை.

சனம் கைதட்டியது. கொஞ்ச நேரத்துக்கு முன் அந்தச் சொல்லைச் சொன்னதற்காக என்னைத் தள்ளி ஒதுக்கிய சனம், ஒரு நெருப்பு இல்லாமல் போனதற்காகக் கைதட்டியது.

"பாத்தீங்களே, நூந்திட்டுது!" என்றேன் மகிழ்ச்சியில்.

"அண்ணை," என்றாள் மதுரா, தலை குனிந்தபடியே, "குளிர்ந்திட்டுது."

மாமிமார் தட்டுகளைக் கொளுத்திக்கொண்டு முன்னே நடந்தார்கள். அத்தனை திரிகளும் வளைவின் கீழால் போயின. மேலே அந்த விழுமிய வாயு தன் வழக்கப்படி எதுவுமே செய்யாமல் நின்றது. வாழ்க்கையில் எதையும் அவ்வளவு மரியாதையோடு நான் பார்த்ததில்லை.

பக்கத்தில் ஏதோ கசிகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். முதலாளி வளைவிலிருந்து இன்னொரு பலூனை அவிழ்த்து, நன்றாக ஓர் இழுவை இழுத்திருந்தார். கீச்சுக் குரலில் எனக்குச் சொன்னார்:

"பாத்தியே? இது ஹீலியம் எண்டு நான் அப்பவே சொன்னனான்."